சர்க்கஸ்காரா பாட்டும் சாப்பிடாத குட்டிகளும்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. பத்தாம் வகுப்பை முடிக்காமலே பள்ளிக்கூடத்தை விட்டு வந்துவிட்டது. வேலை வெட்டி கிடையாது. ஆனால் தன்னைப் பெரிய ராப் பாடகன் என்று நினைத்துக்கொண்டு திரிந்தது. 'அது, அது' என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையான தூரத்தில் நிற்கலாம் என்று பார்த்தேன். சரிப்பட்டு வரவில்லை. அந்த முள்ளம்பன்றி நான்தான்.

அம்மா வைத்த பெயர் பூவரசன். உடம்பு முழுக்க முள் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். நானாக வைத்துக்கொண்ட பெயர் எம்.சி. முள்ளு. அந்தப் பெயரில் இதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

எங்கள் காட்டில் மிகக் கேவலமான வசவு 'சர்க்கஸ்காரா'. அதைவிடக் கேவலம் 'கூண்டில் பிறந்தவனே'. முதலாவதைச் சொன்னால் அடி விழும். இரண்டாவதைச் சொன்னால் அடிக்க வருகிறவன் சொந்தக்காரர்களையும் கூட்டி வருவான். இந்த இரண்டையும் வைத்து நான் ஒரு பாட்டு கட்டினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையே அந்த இரண்டுதான்.

*ஏய் சர்க்கஸ்காரா, ஸ்டூல் மேல ஏறு,*
*உங்கப்பன் வளையம் தாண்டுனான், ஊரே பாரு!*
*மணி அடிச்சா சோறு, சாட்டை அடிச்சா டான்ஸு,*
*கூண்டுல பொறந்தவனே, உனக்கெல்லாம் ஏது சான்ஸு!*

அவ்வளவுதான். இதையே நாலு தரம் திருப்பித் திருப்பிப் பாடுவேன். மலைப்பாதைக்கு அடியில் மழைத்தண்ணீர் ஓடுவதற்கு ஒரு சிமெண்டுக் குழாய் போட்டிருக்கிறார்கள். அதற்குள் நின்று பாடினால் குரல் தடிமனாக வரும். வெளியே வந்தால் பழைய குரல்தான். தாளத்துக்கு முள்ளைச் சிலுப்பிக்கொள்வேன். சுற்றுலாக்காரர்களிடம் குரங்குகள் பிடுங்கிய போன் ஒன்று என்னிடமும் இருந்தது. அதில் பதிவு செய்து ஏற்றிவிட்டேன். காடே இரண்டாகப் பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். அம்மாவிடம் போட்டுக் காட்டப் போனேன். முதல் வரியிலேயே, "என்னடா இப்படி மூச்சு வாங்குது உனக்கு? தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆனால் ஒரு அதிசயம். கேட்கிறவர்கள் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அதுவும் காலை, மதியம், மாலை, சரியாகச் சாப்பாட்டு நேரத்தில். உழைத்துக் களைத்தவர்கள் சாப்பிட உட்காரும்போது என் பாட்டைக் கேட்டு ஆவேசப்படுகிறார்கள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். யார் கேட்டார்கள் என்பது பள்ளிக்கூட அட்மிஷன் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று நான் அங்கே இல்லை. வரிசையில் விண்ணப்பத்தோடு நின்ற மான் அக்கா சொல்லித்தான் தெரியும். கரடி பொற்கொடி அக்கா தன் மகன் தேனப்பனைச் சேர்க்கக் கூட்டிப்போயிருக்கிறார். தலைமை ஆசிரியர் யானை ஒரு ஸ்டூலில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்ன ஸ்டூலில் எப்படி உட்கார்கிறது என்று காட்டில் யாரும் கேட்டதில்லை.

"கண்ணுக்கு என்ன பாட்டு தெரியும்? ஒண்ணு பாடு பார்ப்போம்" என்றார் யானை.

தேனப்பன் அவரைப் பார்த்தான். ஸ்டூலைப் பார்த்தான். பாட்டு தானாகவே வந்துவிட்டது. விரலை நீட்டி, இடுப்பை ஆட்டி, நாலு வரியையும் பிசகாமல் பாடினான். கூண்டு வரிக்கு வந்தபோது வரிசையில் நின்ற மற்ற குட்டிகளும் சேர்ந்துகொண்டன. யானை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அன்றைக்கு யாருக்கும் அட்மிஷன் இல்லை.

மறுநாள் காலையே உப்புப் பாறையில் பெற்றோர் சங்கக் கூட்டம். எங்கள் சங்கத்தில் யாருக்குக் குட்டி அதிகமோ அவர்தான் தலைவர். காட்டுப்பன்றி ஏகாம்பரம் மாமாவுக்குப் பதினோரு குட்டி. எதிர்த்து நிற்க யாருக்கும் உடம்பில் தெம்பில்லை. என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

"டேய், இதெல்லாம் ஒரு பாட்டாடா?"

"பாட்டு இல்ல மாமா. ராப்பு."

"ராப்போ கீப்போ. பச்சப் புள்ளைங்க வாயில இந்த மாதிரி வார்த்தை வரலாமா? எங்க வீட்ல ஒருத்தரும் இப்படிப் பேசுனது கிடையாது."

"எங்க வீட்லயும்தான்" என்று மான் அக்கா சொன்னார். எல்லோரும் எங்க வீட்லயும்தான், எங்க வீட்லயும்தான் என்றார்கள். அந்த வசவுகளை நான் யாரிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் பயந்தால் வாயை மூட மாட்டேன். அது என் வியாதி. "மாமா, நான் குழாய்க்குள்ள நின்னு பாடினேன். அது உங்க குட்டி காதுக்குள்ள எப்படிப் போச்சு? போனை யாரு கையில குடுத்தது?" என்று கேட்டேன்.

எல்லோரும் குனிந்து பாறையில் உப்பு நக்க ஆரம்பித்தார்கள். பிறகு பொற்கொடி அக்கா சொன்னார். "சோறு ஊட்டத்தான் தம்பி. அது இல்லாம வாயைத் தொறக்க மாட்டேங்குறானே. நிலாவைக் காட்டினேன். மின்மினியைக் காட்டினேன். நரி வருது, நரி வருதுன்னு மிரட்டினேன். நரியே வந்து, 'உங்க வீட்டுச் சோத்துக்கு என்னை எதுக்கு இழுக்கறீங்க'ன்னு சண்டை போட்டுட்டுப் போச்சு."

"அதுல என்ன பாட்டு ஓடுதுன்னு பார்க்கலையாக்கா?"

"நான் வாயைப் பார்ப்பேனா, போனைப் பார்ப்பேனா? கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள உருண்டையை உள்ள தள்ளணும் தம்பி. உனக்கென்ன தெரியும்? முதல்ல வாத்துக்குஞ்சு பாட்டுதான் போட்டேன். அது முடிஞ்சதும் அடுத்தது தானா வருது. தானா வர்றதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

ஏகாம்பரம் மாமா தொண்டையைச் செருமினார். "என்ன இருந்தாலும் பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு, இருக்கு" என்றார்கள் எல்லோரும். யாருடைய பொறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. பாறை முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தீர்ப்பு இதுதான். பாட்டுக்குத் தடை. போன்கள் பறிமுதல். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் நான் ஹைவேயைத் தாண்டி அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட வேண்டும்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் முள்ளம்பன்றி எவ்வளவு மெதுவாக நடக்கும் என்று ஹைவே லாரிக்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் பெரியப்பா அந்த ரோட்டைத் தாண்டப் போனார். அவரைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் டயர் கடைகளில்தான் விசாரிக்க வேண்டும். இனி எவரையும் திட்டாமல் ஒழுங்காக இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். குரல் கீச்சென்று வந்தது. கடைசி வரிசையில் யாரோ, "குழாய் இல்லாம குரல் இவ்வளவுதானா?" என்றார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் காட்டில் எதைத் தடை செய்தாலும் அதை மரங்கொத்தி சிங்காரம் தண்டோரா போட்டுச் சொல்லுவார். தடை செய்தது எது என்று எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் சாக்குச் சொல்லக் கூடாது இல்லையா? அதனால் முழுசாகச் சொல்ல வேண்டும். ஒரு எழுத்து விடக் கூடாது.

சிங்காரம் மரத்துக்கு மரம் போனார். *டொக் டொக் டொடொக்.* "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்..." *டொக் டொக் டொடொக்.* "ஏய் சர்க்கஸ்காரா, ஸ்டூல் மேல ஏறு..." *டொடொக்.*

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் என்னைவிட நன்றாகப் பாடினார். தேக்கு மரத்தில் ஒரு தாளம், பலாவில் ஒரு தாளம். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சிமெண்டுக் குழாயைத் தேடி அலைந்த என் கலை வாழ்க்கையை நினைத்து அழுகை வந்தது. பொழுது சாய்வதற்குள் போனே பார்க்காத குட்டிகளுக்கும் பாட்டு மனப்பாடம்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரம் வந்தது. போன் இல்லை. பாட்டு இல்லை. தேனப்பன் வாயைத் திறக்கவில்லை. மான்குட்டி திறக்கவில்லை. ஏகாம்பரம் மாமாவின் பதினொன்றும் வரிசையாக உட்கார்ந்து பதினோரு வாயை இறுக்கி மூடிக்கொண்டன. கொஞ்சினார்கள், மிரட்டினார்கள், மூக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். குட்டிகளுக்கு மூச்சு முட்டியதே தவிர வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அதே கதை.

சனிக்கிழமை காலை நான் குழாய்க்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். மூட்டை என்ன மூட்டை, இரண்டு கிழங்கு. வாசலில் நிழல் விழுந்தது. பொற்கொடி அக்கா. ஒரு கையில் கறையானும் தேனும் பிசைந்த கிண்ணம். இன்னொரு கையில் தேனப்பன். பிள்ளைக்கு முகம் சின்னதாகி, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"தம்பி, ஒரு தடவை."

"என்னக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காத. ரெண்டு நாளா பச்சத்தண்ணி மட்டும்தான் இறங்கியிருக்கு. சங்கத்துக்குத் தெரிஞ்சா என்னையும் சேர்த்து ரோட்டைத் தாண்டச் சொல்லுவாங்க. மெதுவாப் பாடு."

மெதுவாகப் பாடுகிற ராப் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஆனாலும் பாடினேன். முள்ளைச் சத்தம் வராமல் சிலுப்பினேன். 'சர்க்கஸ்காரா'வுக்கு வாய் லேசாகத் திறந்தது. 'வளையம்' வந்தபோது ஒரு உருண்டை போனது. 'கூண்டுல பொறந்தவனே' என்றதும் பிள்ளை வாயை ஆவென்று பிளந்தான். அக்கா கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர். "நல்லாயிருப்படா சாமி" என்றார். என் பாட்டுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. நான் காட்டையே கவிழ்க்க எழுதின பாட்டு. கவிழ்ந்தது கிண்ணம்.

நான் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது குழாய்க்கு வெளியே வரிசை நின்றது. மான் அக்கா, முயல் வீட்டுக்காரர், கீரி, எல்லோர் கையிலும் கிண்ணம். ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி நின்றார்கள். கடைசியில் ஏகாம்பரம் மாமா பதினொன்றோடும் வந்தார்.

"தடையை மீறி எவனாவது பாடறானான்னு பார்க்க வந்தேன்" என்றார்.

"குட்டிகளையும் கூட்டிட்டா மாமா?"

"சாட்சிக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் சத்தமாப் பாடு. கடைசி மூணுக்குக் கேக்கல" என்றார்.

அங்கேயே நின்றபடி சங்கம் கூடி முடிவெடுத்தது. தடை தடையாகவே இருக்கட்டும். அது கொள்கை. என்னை வெளியேற்றுவதை மட்டும் தள்ளி வைக்கலாம். "குட்டிங்க வாயைத் தொறக்கற வரைக்கும் நீ இங்க இருக்கலாம். எப்ப மூடுதோ அன்னைக்கு நீ ரோட்டுல" என்றார் ஏகாம்பரம் மாமா. லாரி ஒன்று தூரத்தில் ஹாரன் அடித்தது. நான் சரி என்றேன்.

அப்படித்தான் எம்.சி. முள்ளு மூன்று வேளையும் கச்சேரி செய்ய ஆரம்பித்தான். என் ரசிகர்களில் பாதிப்பேர் எச்சில் ஒழுகாமல் இருக்கக் கழுத்தில் இலை கட்டியிருந்தார்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், "நிறுத்து நிறுத்து, இன்னும் முழுங்கல" என்று குரல் வரும். நிறுத்துவேன். ஏப்பம் வந்த பிறகு தொடருவேன்.

இதில்தான் கெட்டுப்போனது. மூன்று வேளையும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டதில் பெற்றோர்களுக்கும் பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டது. பொற்கொடி அக்கா கறையான் பிசையும்போதே "உங்கப்பன் வளையம் தாண்டுனான்" என்று முணுமுணுப்பார். ஏகாம்பரம் மாமா கையை மேலும் கீழும் ஆட்டி ஏதோ செய்வார். அதுதான் இப்போதைய ஸ்டைல் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மான் அக்காவும் கீரியும் மாறி மாறி வரி எடுத்துப் பாடினார்கள். அப்போது ஒரு நாள், பாட்டின் நடுவில், தேனப்பன் வாயை மூடினான்.

"என்னடா கண்ணு?"

"நீ பாடாதம்மா. அசிங்கமா இருக்கு" என்றான். "இது பெரியவங்க பாட்டு. எனக்கு வேணாம்."

அவ்வளவுதான். மான்குட்டி மூடியது. பதினொன்றும் மூடின. நான் தொண்டை கிழியக் கத்தினேன். குட்டிகள் என்னைப் பழைய செருப்பைப் பார்ப்பது போலப் பார்த்தன. சின்னது ஒன்று கொட்டாவி விட்டது. நான் ஓட ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன். எங்கள் ஜாதி ஓட்டத்தைப் பற்றி முன்னமே சொல்லிவிட்டேன்.

உப்புப் பாறையில் மறுபடி கூட்டம். குட்டிகளை ஆற்றங்கரைக்கு விளையாட அனுப்பிவிட்டார்கள்.

"தப்பு எங்க நடந்துச்சுன்னு நமக்குத் தெரியும்" என்றார் ஏகாம்பரம் மாமா. எனக்கு உள்ளே ஒரு நம்பிக்கை. குட்டிகள் கேட்பது என்ன என்று பெற்றோர் பார்க்க வேண்டும், கூட உட்கார்ந்து பேச வேண்டும் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தை விட்டாலும் எனக்குப் பாடப்புத்தகப் புத்தி போகவில்லை.

"நாம கூட உட்கார்ந்து கேட்டோம். அதான் கெட்டுது" என்றார் மாமா. "இனி நாம கேக்கவே கூடாது. அடுத்த பாட்டு வெள்ளிக்கிழமை வரட்டும். சனிக்கிழமை தடை பண்ணிடுவோம். சிங்காரம், தயாரா இரு. டேய் பூவரசா, இந்தத் தடவை இன்னும் மோசமா எழுது."

"மாமா, எனக்குத் தெரிஞ்சது ரெண்டே வசவு. ரெண்டையும் போட்டுட்டேன்."

எல்லோர் முகத்திலும் இரக்கம். இவ்வளவு நாள் இவனைப் போய்ப் பெரிய ரவுடி என்று நினைத்தோமே என்கிற இரக்கம்.

"நாங்க சொல்றோம், எழுதிக்க" என்றார் ஏகாம்பரம் மாமா.

முதலில் கூச்சப்பட்டார்கள். தலைமை ஆசிரியர் யானைதான் ஆரம்பித்து வைத்தார். "வாழைப்பழத்துக்கு சலாம் போட்டவனே" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. பாறையில் ஒரு சிலிர்ப்பு. மான் அக்கா, "வேலிக்கு உள்ள நின்னு போட்டோவுக்குச் சிரிச்சவளே" என்றார். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. நான் முந்தி நீ முந்தி என்று வந்தார்கள். "இதைப் போடு தம்பி, இது எங்க மாமியாரை நினைச்சு நான் மனசுக்குள்ளயே வச்சிருந்தது" என்று முயல் வீட்டுக்காரர் ஒன்று சொன்னார். அவ்வளவு சாதுவான மனிதர், இல்லை, முயல். பொற்கொடி அக்கா எழுந்து நின்று, மூக்கணாங்கயிறு, முத்தம், மூன்றாம் தெரு என்று மூன்று சொல்லை ஒன்றாகக் கோத்தார். கீரி மயங்கி உட்கார்ந்தது.

"அக்கா, குட்டிங்க கேப்பாங்கக்கா" என்றேன்.

"அவங்களுக்குத்தானடா எழுதுற?" என்றார் அக்கா.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. என் அம்மா. கிழங்கு தோண்டப் போகிற வழியில் நின்றிருக்கிறாள். "ஒண்ணே ஒண்ணு நான் சொல்லட்டுமா?" என்றாள்.

சொன்னாள்.

அதை இங்கே எழுத மாட்டேன். யானை தும்பிக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏகாம்பரம் மாமா எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார். இந்தக் காட்டிலேயே மிக ஆபாசமான பாடகன் என்று பெயர் எடுத்தவன் நான். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, ப்ளீஸ்மா" என்றேன். "பாவம், புள்ளைக்கு வெட்கமா இருக்கு" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பாட்டு வெளிவந்தது. சனிக்கிழமை தடை. சிங்காரம் தாளம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் குழாய் வாசலில் குட்டிகள் முண்டியடித்தன. பெற்றோர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். பொற்கொடி அக்கா அடையிலிருந்து தேன்மெழுகு எடுத்து வந்து எல்லோர் காதிலும் வைத்து அடைத்தார். ஒரு சத்தமும் உள்ளே போகாது. கை மட்டும் உருண்டை பிடித்தது. கண் மட்டும் வாயைப் பார்த்தது.

நான் பாடினேன். குட்டிகள் குதித்துக் குதித்துத் தின்றன. அம்மாவின் வரிக்கு வந்தபோது தேனப்பன் தட்டிலிருந்ததைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான். வாய் நிறைய வைத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்து வந்தான்.

"அண்ணே, செம. இதெல்லாம் யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

நான் அவன் அம்மாவைப் பார்த்தேன். அக்கா காதில் மெழுகோடு என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார். தூரத்தில் ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நானேதான்டா யோசிச்சேன்" என்றேன்.

"நீ ரொம்பக் கெட்டவன்ணே" என்றான் தேனப்பன், ஆசை ஆசையாக.

நீதி: பிள்ளைகள் கேட்கும் பாட்டுக்குப் பெற்றோரே பொறுப்பு. ஆகையால் அந்தப் பொறுப்பை இறக்கி வைக்க, சாப்பாடு ஊட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு முள்ளம்பன்றி வைத்துக்கொள்வது நலம்.